பழைய கல் பாலத்தை அகலப்படுத்தி மேலே கான்கிரீட் போட்டால் பலம்தானே, ஏன் சிலர் எதிர்க்கிறார்கள்?

உங்கள் ஊரிலும் வாய்க்கால் மேல் நிற்கும் வளைவுப் பாலம்தான் என்று நினைக்கிறேன். பலம் என்று நம்பித்தான் எங்கள் அம்மா ஊரிலும் செய்தார்கள். கல் இடுக்கில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டி சிமெண்ட் அடைத்தார்கள், தண்ணீர் வடியும் துளைகளை மூடினார்கள், மேலே கனமாகக் கான்கிரீட். நான் சிவில் படித்தவன், நேரில் போய்ச் சொன்னேன். ஒப்பந்ததாரர், "தம்பி, எஸ்டிமேட்ல இருக்குறதத்தான் செய்ய முடியும்" என்று முடித்துவிட்டார். உள்ளே இறங்கிய மழைநீர் வெளியேற வழியில்லாமல் பக்கச் சுவர் பிதுங்கிவிட்டது. இப்போது கனரக வாகனம் போகக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். லாரிக்காகத்தானே இவ்வளவும் செய்தது!

வளைவில் எடை எவ்வளவு என்பதோடு எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். நான் இப்போது வேலை பார்க்கும் பிரிட்டனின் வேல்ஸில், பான்டிபிரித்தில் டாஃப் ஆற்றின் மேல் 140 அடி ஒற்றை வளைவுப் பாலம் ஒன்று இருக்கிறது. கட்டியவர் வில்லியம் எட்வர்ட்ஸ், தானாகவே தொழில் கற்ற கொத்தனார். 1746-இல் ஒப்பந்தம் எடுத்து அவர் கட்டிய முதல் பாலத்தின் தூண்களில், வெள்ளம் அடித்து வந்த மரங்கள் சிக்கி அது போய்விட்டது. ஏழு வருஷம் நிற்கும் என்று உறுதி கொடுத்திருந்ததால் மறுபடி கட்டினார், அது வேலை முடியும் முன்பே விழுந்தது. மூன்றாவதில் வளைவின் இரு தோள்களிலும், அதாவது உச்சிக்கு இருபுறமும் சரியும் பகுதிகளில், நிரப்பியிருந்த பாரம் அழுத்த, மெலிதான உச்சி மேலே எழும்பி உடைந்தது. கடைசியில் ஒவ்வொரு தோளிலும் மூன்று வட்டத் துளைகள் விட்டு எடையைக் குறைத்தார். 1756-இல் முடித்த அது இன்றும் நிற்கிறது.

ஏற்றம் செங்குத்து, வண்டிகள் திணறின. அதற்காக அதை உடைத்துத் தட்டையாக்கவில்லை, 1857-இல் ஒட்டினாற்போல இன்னொரு பாலம் கட்டினார்கள். பழையதன் அழகை அது மறைக்கிறது, எனக்கும் உறுத்தும். ஆனாலும் பழையது பிழைத்தது. உங்கள் ஊரிலும் பழையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுப் பாலம் வேண்டும் என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் உட்கார்ந்து வளர்ச்சியைத் தடுக்கிறான் என்று யாரும் வர வேண்டாம். எங்கள் ஊருக்கும் ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா?

அப்புறம் இந்தத் தார் ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, பாலத்தின் கைப்பிடிச் சுவர் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவிலும் அதே கதைதான், வாசல்படியைவிட ரோடு உயரம். மழை பெய்தால் அம்மா மணல் மூட்டை அடுக்குகிறார். மனு கொடுத்தும் யாரும் வந்து பார்க்கவில்லை.