பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா இன்றைய வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கவுண்டியிலிருந்து 1912 வாக்கில் மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தவர். அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எங்கள் பிள்ளைகளுக்காகத் தொகுக்க விரும்புகிறேன். மாமனார் வைத்திருந்த பழைய கையேட்டில் ஆவணக் காப்பகம் பெல்ஃபாஸ்டின் பால்மோரல் அவென்யூவில் இருப்பதாக அச்சிடப்பட்டிருக்கிறது. அது இடம் மாறிவிட்டது என்கிறார் தோழி ஒருவர். எங்கே செல்ல வேண்டும், என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும், ஒரு நாள் போதுமா என்று விளக்குவீர்களா?
— வாசகி, மான்செஸ்டர்

பதில்: தங்கள் தோழி சொல்வதே சரி. வட அயர்லாந்து பொது ஆவணக் காப்பகம் (ஆய்வாளர்கள் இதனை ‘ப்ரோனி’ என்றே சுருக்கி அழைப்பார்கள்) 1972 முதல் பால்மோரல் அவென்யூவில் இயங்கியது. பின்னர் 2011 மார்ச் இறுதியில், டைட்டானிக் கப்பல் கட்டப்பட்ட பழைய கப்பல்துறைப் பகுதியில், டைட்டானிக் பூல்வார்டில் எழுப்பப்பட்ட புதிய கட்டடத்துக்கு மாறியது. நகரின் நடுப்பகுதியிலிருந்து ‘கிளைடர்’ பேருந்தின் ஜி2 தடத்தில் செல்லலாம். ரயிலில் செல்வதானால் பாங்கர் தடத்தில் டைட்டானிக் குவார்ட்டர் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடக்க வேண்டும். தங்கள் கையேட்டின் வரைபடத்தில் அந்த நிலையம் ‘பிரிட்ஜ் எண்ட்’ என்று இருக்கும். 2012இல்தான் பெயர் மாறியது.

முதல்முறை செல்பவர்கள் வாசகராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதால், புகைப்பட அடையாளச் சான்று கைவசம் இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. கைப்பை, மேலங்கி, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே செல்ல முடியும். மூல ஆவணங்களைப் பார்க்கும் அறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டுமே. திறந்திருக்கும் நாள்களையும் நேரத்தையும் புறப்படுவதற்கு முன் அவர்களின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முகவரி மாறியது எளிதில் தீரும் சிக்கல். எந்த ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை ப்ரோனியில் கேட்டுப் பயனில்லை. அவை அதே நகரில் ஸ்ட்ரான்மில்லிஸ் பகுதியில் உள்ள கால்பி ஹவுஸில் இயங்கும் பொதுப் பதிவாளர் அலுவலகத்தைச் சேர்ந்தவை. அயர்லாந்தில் கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் 1845 முதலும், பிறப்பு, இறப்பு, கத்தோலிக்கத் திருமணம் ஆகியவை 1864 முதலும் அரசால் பதிவு செய்யப்பட்டன. இவற்றுள் நூறாண்டுகளைக் கடந்த பிறப்புகளையும், எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த திருமணங்களையும், ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இறப்புகளையும் சிறு கட்டணம் செலுத்தி வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களோ டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்றைய வட அயர்லாந்தையும் சேர்த்து, தீவின் முப்பத்திரண்டு கவுண்டிகளும் அதில் அடங்கும்.

எனவே பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்து முடித்துவிடுங்கள். அவற்றிலிருந்து இரண்டு செய்திகள் தங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்: குடும்பம் வாழ்ந்த ‘டவுன்லேண்ட்’ எது, அவர்கள் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் என்பவையே அவை. டவுன்லேண்ட் என்பது பெயரில் ‘டவுன்’ இருந்தாலும் நகரம் அன்று. சில பண்ணைகளை மட்டுமே உள்ளடக்கிய, நம் குக்கிராமத்தை ஒத்த மிகச் சிறிய நிலப்பிரிவு. அயர்லாந்து முழுவதும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உள்ளன. ஒரே பெயர் பல கவுண்டிகளில் வரும் என்பதால், அது எந்தப் பங்கை (‘பாரிஷ்’ எனப்படும் திருச்சபை வட்டாரத்தை) சேர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆன்ட்ரிம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு ப்ரோனிக்குச் சென்றால், அங்குள்ள ஊழியர்கள் எவ்வளவு பொறுமையாக உதவினாலும், நாளின் பெரும்பகுதி அட்டவணைகளைப் புரட்டுவதிலேயே கழிந்துவிடும்.

டவுன்லேண்டின் பெயர் கிடைத்துவிட்டால், நான் முதலில் பரிந்துரைப்பது நிலமதிப்பீட்டுத் திருத்தப் புத்தகங்களை. 1847க்கும் 1864க்கும் இடையே ரிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் மேற்பார்வையில் அயர்லாந்தின் ஒவ்வொரு நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி விதிப்பதற்காக மதிப்பு கணிக்கப்பட்டது. அதன்பின் 1930களின் தொடக்கம் வரை அதிகாரிகள் அந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். குத்தகைதாரர் மாறும்போது பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை வேறு நிற மையில் எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறித்தார்கள். ஒரே பக்கத்தில் தகப்பன், கைம்பெண், மூத்த மகன் என்று மூன்று தலைமுறைகள் வண்ண வண்ண மையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதைப் பார்க்கலாம். தங்கள் கணவரின் முன்னோர் பெயரில் நிலமோ வீடோ இருந்திருந்தால், 1912ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பெயர் அடிக்கப்பட்டு யாருடைய பெயர் எழுதப்பட்டது என்று பாருங்கள். அது ஊரிலேயே தங்கிவிட்ட உடன்பிறந்தவராக இருக்க வாய்ப்புண்டு. அந்தக் கிளையினர் இன்றும் அதே பக்கத்தில் வசிக்கவும்கூடும். இந்தப் புத்தகங்களையும், 1858க்குப் பிந்தைய உயில்களின் அட்டவணையையும் ப்ரோனி தன் இணையதளத்தில் கட்டணமின்றி வெளியிட்டிருக்கிறது.

அப்படியானால் நேரில் ஏன் செல்ல வேண்டும் என்று தாங்கள் கேட்கலாம். திருச்சபைப் பதிவேடுகளின் நுண்படச் சுருள்கள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், ஏழைகள் விடுதிகளை நடத்திய காப்பாளர் குழுக்களின் பதிவேடுகள், நிலக்கிழார் குடும்பங்களின் குத்தகைக் கணக்குகள் ஆகியவற்றின் பெரும்பகுதியை அந்தக் கட்டடத்தில் அமர்ந்துதான் பார்க்க முடியும். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் படிவங்களில் சிற்சில துண்டுகள் தவிர அனைத்தும், ‘அயர்லாந்து திருச்சபை’ எனப்படும் ஆங்கிலிக்கன் சபை அங்கே ஒப்படைத்திருந்த பதிவேடுகளும், மூல உயில்களும் அழிந்தன. (1861 முதல் 1891 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் படிவங்களைத் தீ தீண்டவில்லை, அவற்றை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டிருந்தது. எதன்மீது அதிகம் வருந்துவது என்று எனக்குத் தெரியவில்லை.) அடுத்த ஆண்டே சட்டமியற்றித் தொடங்கப்பட்ட ப்ரோனியின் முதல் பொறுப்பாளர் டி. ஏ. சார்ட், இழந்தவற்றின் நகல்களை வழக்கறிஞர் அலுவலகங்களிலும் நிலக்கிழார்களின் மாளிகைகளிலும் தேடிச் சேர்ப்பதையே தம் பெரும்பணியாகக் கொண்டார். தீக்கு முன்பு டப்ளினில் அமர்ந்து ஆவணங்களைப் படியெடுத்துவைத்த டெனிசன் க்ரோவ்ஸ் என்ற ஆய்வாளரின் கையெழுத்துப் படிகளும் அவ்வாறே வந்து சேர்ந்தன. கத்தோலிக்க, பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைகள் தம் பதிவேடுகளை டப்ளினில் ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் இல்லாதிருந்ததால், அவை தப்பித்தன. தங்கள் குடும்பத்தின் திருச்சபையைக் கேட்டதற்கு இதுவே காரணம்.

ஒரு நாள் போதுமா என்ற கேள்விக்கு, முன்தயாரிப்பைப் பொறுத்து என்பதே என் விடை. ப்ரோனியின் மின்னட்டவணையில் தேடி, வேண்டிய ஆவணங்களின் குறியீட்டு எண்களை எழுதிக்கொண்டு சென்றால், ஒரு கிளையை ஒரு நாளில் ஓரளவு முடிக்கலாம். மூல ஆவணத்தைக் கிடங்கிலிருந்து எடுத்து வரச் சற்று நேரமாகும்; அந்த இடைவேளையில் நுண்படச் சுருள்களைப் பார்க்கலாம். ஆயினும் இரண்டு நாள்கள் ஒதுக்குவதே நல்லது, ஏனெனில் முதல் நாளில் கிடைக்கும் பெயர்கள்தாம் இரண்டாம் நாளில் எதைக் கேட்பது என்பதைத் தீர்மானிக்கும்.

கேள்வி: எங்கள் மருமகள் டைரோன் கவுண்டியைப் பூர்விகமாகக் கொண்டவர். அவருடைய முன்னோரான ஒரு பெண்மணிக்கு 1901 கணக்கெடுப்பில் வயது 58 என்றும், 1911இல் 72 என்றும் இருக்கிறது. பத்தாண்டுகளில் பதினான்கு வயது கூடுமா? இருவரும் வேறு வேறு ஆள்களா?
— வாசகர், லண்டன்

பதில்: வீட்டிலுள்ள மற்றவர்களின் பெயரும் டவுன்லேண்டும் ஒத்திருந்தால், ஒரே ஆள் என்றே கொள்ளலாம். இந்தத் தாவல் அந்தத் தலைமுறையினரிடம் அடிக்கடி காணப்படுவதுதான். 1908இல் இயற்றப்பட்ட முதியோர் ஓய்வூதியச் சட்டம், 1909 ஜனவரி முதல் எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை வழங்கியது. அவர்கள் பிறந்த காலத்தில் அரசுப் பிறப்புப் பதிவே கிடையாது. பலருக்குத் தம் வயது தெரியாது, தெரிந்தவர்களுக்கும் கூட்டிச் சொல்ல நல்ல காரணம் இருந்தது. பள்ளியில் சேர்த்த நாளில் தலைமையாசிரியர் எழுதிய தேதியே பிறந்தநாளாகிவிட்ட தாத்தாக்கள் நம் குடும்பங்களிலும் உண்டு என்பதால், இது தங்களுக்குப் புதிதாக இராது.

இதில் தங்களுக்கு ஓர் ஆதாயமும் இருக்கிறது. வயதை மெய்ப்பிக்க வேண்டியவர்கள், 1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் தம்மைத் தேடித் தருமாறு விண்ணப்பித்தார்கள். விண்ணப்பத்தில் தாய் தந்தையரின் பெயரும், சிறுவயதில் வாழ்ந்த டவுன்லேண்டும் பங்கும் எழுதப்பட்டன. அலுவலர் தேடிக் கண்டதை அதிலேயே குறித்தார். கணக்கெடுப்பின் மூலப் படிவங்கள் பின்னர் எரிந்துபோனாலும், இந்த விண்ணப்பத் தாள்கள் பிழைத்திருக்கின்றன. டப்ளின் காப்பகத்தின் இணையதளத்தில் அவற்றைத் தேடலாம். வடபகுதிக் கவுண்டிகளுக்கான ஒரு தொகுதி ப்ரோனியிலும் உள்ளது. அந்தப் பெண்மணி விண்ணப்பித்திருந்தால், அவருடைய பெற்றோரின் பெயர்கள் தங்களுக்கு வேறெங்கும் கிடைக்காத நிலையில் அங்கே கிடைக்கலாம். அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரில் தேட மறவாதீர்கள். பெண் குழந்தையாகத்தான் அவர் 1851இல் எண்ணப்பட்டிருப்பார்.

கேள்வி: பெல்ஃபாஸ்ட் காப்பகத்தில் இலங்கை, தமிழகம் தொடர்பான ஆவணங்கள் ஏதும் உண்டா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு, ஆனால் அவை ஆட்சி செய்தவர்களின் தாள்கள். பெல்ஃபாஸ்டில் பிறந்து, 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனென்டின் கடிதங்களும் குறிப்புகளும் அங்கே உள்ளன. ஆன்ட்ரிமைச் சேர்ந்தவரும், 1781 முதல் 1785 வரை சென்னை ஆளுநராக இருந்தவருமான ஜார்ஜ் மெக்கார்ட்னியின் தாள்களின் ஒரு பகுதியும், 1884 முதல் 1888 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த டஃபரின் பிரபுவின் பெருந்தொகுப்பும் அங்கேதான் இருக்கின்றன. இவற்றில் தங்கள் குடும்பத்தின் வமிசாவளியைத் தேடிப் பயனில்லை. நிர்வாக வரலாற்றில் ஆர்வமிருந்தால், மின்னட்டவணையில் இந்த மூவரின் பெயர்களையும் இட்டு, ஒவ்வொரு தொகுப்பின் விவரப் பட்டியலை முதலில் படித்துப் பாருங்கள்.