ஏசியில் கேஸ் தானாகக் குறையாது: வாசகர் கேள்வி-பதில்

கே: வாங்கி இரண்டு வருடமான ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி. போன ஏப்ரலில் குளிரவில்லை. மெக்கானிக் “கேஸ் குறைஞ்சிருக்கும்மா” என்று 3,200 ரூபாய் வாங்கினார். இந்த ஏப்ரலிலும் அதே பேச்சு, 3,500 ரூபாய். வருடா வருடம் கேஸ் போட வேண்டுமா? பென்ஷனில் காலம் தள்ளுகிறேன்.
(வாசகி, பெரம்பூர்)

வேண்டியதில்லை அம்மா. வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல ஏசியில் கேஸ் தீராது. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆயுசு முழுக்கச் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால், அடுத்த கோடையில் மறுபடி பணம் கேட்க அவரே வழி வைத்துவிட்டுப் போகிறார். தமிழ்நாடு முழுக்க ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் கொள்ளை இது.

முதலில், கேஸ் குறைந்திருக்கிறதா என்பதே சந்தேகம். ஃபில்டரில் தூசி, இன்டோர் காயிலில் (காற்றைக் குளிரவைக்கும் செம்புச் சுருள்) அழுக்கு, ப்ளோயர் இறக்கைகளில் படிந்த பிசுக்கு, அவுட்டோர் யூனிட்டின் முதுகில் அடைந்த பஞ்சு: இவற்றில் எது இருந்தாலும் குளிர் குறையும். ஃபில்டரை வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். ஏசியை 15 நிமிடம் ஓடவிட்டு, ஒரு தெர்மாமீட்டரை மேலே காற்று நுழையும் இடத்திலும் கீழே வெளிவரும் இடத்திலும் பிடியுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் கேஸ் பேச்சுக்கே இடமில்லை.

உண்மையிலேயே குறைந்திருந்தால் வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைப் பார்ப்பது முதல் வேலை. அவுட்டோர் யூனிட்டின் இரண்டு பித்தளை நட்டுகளைச் சுற்றி எண்ணெய்க் கறை தெரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் கசிவு. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும். அந்த நட்டைக் கழற்றி, குழாய் முனையைப் புதிதாக ஃப்ளேர் செய்து, அதாவது புனல்போல விரித்து, மாட்ட வேண்டும். பிறகு வேக்குவம் பம்ப் வைத்து அரைமணி நேரமாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். கடைசியாகத்தான் கேஸ். அதையும் எடை மெஷினில் சிலிண்டரை வைத்து, யூனிட் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் கணக்குக்கு ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை மட்டும் பார்த்து அளவு சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் எடை மெஷினும் வேக்குவம் பம்பும் கொண்டுவந்தாரா என்று நினைத்துப் பாருங்கள்.

கசிவு இன்டோர் காயிலிலேயே இருந்தால் கதை வேறு. கூவம், பக்கிங்காம் கால்வாய் போன்ற சாக்கடைத் தண்ணீருக்குப் பக்கத்து வீடுகளில், காற்றிலிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பை அரித்து ஊசித் துளை போடும். பூஜை அறை வெள்ளி விளக்கு துலக்கிய சில நாளிலேயே கறுக்கிறதென்றால், அதே காற்றுதான் காயிலையும் தின்கிறது. காயிலையே மாற்றுவதுதான் தீர்வு. “10 வருட வாரண்டி” என்பது பல கம்பெனிகளில் கம்ப்ரஸருக்கு மட்டும்தான். காயிலுக்கும் கேஸுக்கும் எத்தனை வருடம் என்று வாரண்டி கார்டில் பாருங்கள்.

போன பணத்தை விடாதீர்கள். ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே ஆதாரம். கம்பெனிக்கும் மெக்கானிக்குக்கும் எழுத்தில் புகார் அனுப்பி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தீரவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

கே: இன்வெர்ட்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசர் கட்டாயம் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
(வாசகர், கரூர்)

ஏசி புத்தகத்தில் வோல்டேஜ் வரம்பு போட்டிருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் வீட்டு வோல்டேஜ் அதற்குள் நின்றால் தேவையில்லை.

கே: ஆன்லைன் தள்ளுபடியில் 1 டன் 5 ஸ்டார் வாங்கினேன். ஹால் 14க்கு 16, மேலே மொட்டை மாடி. 18-இல் வைத்தும் குளிரவில்லை. திரும்ப எடுப்பார்களா?
(வாசகர், மதுரை)

மாட்டார்கள். பொருளில் குறையில்லை. 224 சதுர அடி, தலைக்கு மேல் வெயில் காயும் கான்கிரீட். இதற்கு 2 டன் வேண்டும். ஸ்டார் என்பது மின்சாரச் சிக்கனக் கணக்கு, குளிர்விக்கும் திறனை டன்தான் சொல்லும். விலையைப் பார்த்த நேரத்தில் டேப்பை எடுத்து ஹாலை அளந்திருக்கலாம். 18-இல் வைத்தால் அதிக குளிர் வராது, கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், பில்தான் ஏறும்.

நூறு, நூற்றிருபது சதுர அடி படுக்கையறை இருந்தால் அங்கே மாற்றுங்கள். கழற்றும் முன் “பம்ப் டவுன்” செய்யச் சொல்லுங்கள்: கேஸ் முழுவதையும் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடுவது. அதைச் செய்யாமல் குழாயைக் கழற்றிவிட்டு, புதுக் கேஸுக்குப் பணம் கேட்பவர்கள் உண்டு.

கே: ஏசி கட்டுப்படியாகாது. ஏர் கூலர் வாங்கலாமா?
(வாசகி, திருவான்மியூர்)

வேண்டாம். தண்ணீர் ஆவியானால்தான் கூலர் குளிரும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. என் வீட்டு டவர் கூலரும் புழுக்கத்தைக் கூட்டியதோடு சரி. அந்தப் பணத்துக்கு, மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன் வாங்குங்கள். வேலூர், திருச்சி பக்கத்து வறண்ட வெயிலில் கூலர் நன்றாக உழைக்கும். அங்கே வைப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்து, வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையென்றால் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும்.

கே: மகளுக்கு வீசிங். பிளக்கில் செருகும் “ஏர் பியூரிஃபையர்” 2,400 ரூபாய்க்கு வாங்கினோம். மாற்றமே இல்லை.
(வாசகர், மணலி)

உங்கள் கவலையை வைத்துக் காசு பார்த்திருக்கிறார்கள். அது வெறும் அயனைசர். ஃபில்டர் கிடையாது, சில வகைகள் ஓசோன் வாயுவை வெளிவிடும், அது வீசிங்குக்கு ஆகவே ஆகாது. இன்றே கழற்றித் திருப்பி அனுப்புங்கள்.

நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதை வாங்குங்கள். பெட்டியில் சி.ஏ.டி.ஆர். எண் பாருங்கள்: மணிக்கு எத்தனை கனமீட்டர் சுத்தமான காற்று தரும் என்ற கணக்கு அது. 12க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக 170 வேண்டும். போட்டிருக்கும் எண் முழு வேகத்துக்கானது, ராத்திரி சத்தத்துக்குப் பயந்து வேகத்தைக் குறைப்போம். அதனால் 250-க்கு மேல் பாருங்கள். மாற்று ஃபில்டர் என்ன விலை என்பதை முதலிலேயே விசாரியுங்கள்.

அதற்கு முன்னால் கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணிப் புகையையும் நிறுத்துங்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

கே: குளிருக்கு அறையில் கரி அடுப்பு வைக்கிறோம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதுமா?
(வாசகர், கோத்தகிரி)

போதாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். தணலை இன்றைக்கே வெளியே எடுங்கள். ஆயில் ஹீட்டர் வாங்குங்கள். 2,000 வாட் என்றால் 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிவிடும்.

கே: மழைக்காலத்தில் ஏசி அவுட்டோர் யூனிட்டை பிளாஸ்டிக் உறை போட்டு மூடலாமா?
(வாசகி, கடலூர்)

மூடாதீர்கள். மழையில் நிற்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உறைக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், எலி கூடு கட்டி வயரைக் கடிக்கும். ஃபில்டரைக் கழுவி, ஃபேன் மோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு உள்ளே காயவைத்து, ஏசிக்கான எம்.சி.பி. சுவிட்சை அணைத்து விடுங்கள்.