செபஸ்தியாருக்குச் சிவப்பு, ஜோசப் வாஸுக்கு வெள்ளை: ஏன்?

இரண்டு திருநாளும் ஜனவரியில், நான்கு நாள் இடைவெளியில் வருவதால் தோட்டத்துக் கோயில்களில் பூசையில் குரு அணியும் உடையின் நிறம் பற்றி இந்தக் கேள்வி எழுவது வழக்கம். சிவப்பு இரத்தசாட்சிகளுக்கு, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு உரியது. செபஸ்தியார் உரோமையில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர். சுரூபத்தில் அம்புகள் இருந்தாலும் அவர் அம்பால் சாகவில்லை. பிழைத்து வந்தபின் தடியால் அடித்தே கொன்றார்கள் என்பது மரபு.

குருவான ஜோசப் வாஸ் கண்டியில் 1692இல் ஒற்றன் என்று சிறைவைக்கப்பட்டார், 1697இல் அம்மை நோயாளிகளைப் பராமரித்தார். ஆனால் 1711 ஜனவரி 16 அன்று நோயுற்றுத்தான் இறந்தார். சிவப்புக்குப் பாடுபட்டது மட்டும் போதாது, அதனால் வெள்ளை.

திருநாள் பெரும்பாலும் இறந்த நாள்தான். விண்ணகத்தில் பிறந்த நாள் என்று கணக்கு.

திருநாளுக்கு முன் ஒன்பது நாள் செய்யும் நவநாள் செபத்தில்தான் அதிகம் பிழை வருகிறது. ஜனவரி 20 திருநாளுக்கு 11ஆம் திகதி தொடங்கி 19இல் முடிக்க வேண்டும். 12இல் தொடங்கினால் திருநாளே ஒன்பதாம் நாளாகிவிடும். அந்தோனியாருக்கு (ஜூன் 13) 4ஆம் திகதி. கொழுந்து பறிக்கும் சனத்துக்காக, கோயிலின் பாதுகாவலரான புனிதரின் விழாவைப் பொதுக்காலத்து (தவக்காலம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத) ஞாயிறுக்கு மாற்றலாம். தவக்கால ஞாயிறுக்கு மாற்ற முடியாது. சூசையப்பர் விழாவான மார்ச் 19 அப்படியொரு ஞாயிறில் விழுந்தால் வழக்கமாகத் திங்களுக்குப் போகும்.

இன்னொன்று: தேருக்குச் சிவப்புக் கிரேப் பேப்பர் சுற்றாதீர்கள். இரவு மூடுபனியில் நனைந்து சாயம் கசிந்தால் பீடத்து வெள்ளைத் துணியெல்லாம் ரோசா நிறம்தான். சிவப்புத் துணியே நல்லது, அதையும் முதல்நாளே அலசிக் காயவைத்துவிடுங்கள்.