அந்த நிலத்தை விற்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். உங்கள் மகளுக்கு நீட் மதிப்பெண் குறைவு, சித்தப்பா மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஆள் பிடித்துவிட்டார், முன்பணத்துக்கு ஊர் நிலத்தை விற்கப் பேச்சு நடக்கிறது. ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்மா’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இல்லை, நிலத்தை விற்காதீர்கள்.

அரைமணி நேரம் என்னோடு பேசிய உங்கள் மகள் ஒரு தடவைகூட டாக்டர் என்று சொல்லவில்லை. வேதியியல் ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனில் நிறம் மாறுகிற அந்தக் கடைசிச் சொட்டைப் பற்றியே பேசினாள். விழுங்கின மாத்திரை உள்ளே போய் என்னவாகிறது என்றும் கேட்டாள்.

அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வேலை உண்டு. புது மருந்தின் மூலக்கூறில் ஒரு கார்பனுக்குப் பதிலாகக் கதிரியக்க கார்பன்-14 வைத்துச் செய்வார்கள். பெரும்பாலும் ஆறேழு ஆரோக்கியமான தன்னார்வலர்கள் ஒரு வேளை மட்டும் அதைச் சாப்பிடுவார்கள். பிறகு நாள்கணக்கில் ரத்தம், சிறுநீர், மலம் சேகரித்து, உள்ளே போனது எவ்வளவு, எந்த உருவில் வெளியே வந்தது என்று கணக்குப் பார்ப்பார்கள். அந்த மருந்தைச் செய்வது கரிம வேதியியல் படித்தவர். எந்தக் கார்பனை மாற்றுவது என்பதில்தான் மூளை வேண்டும். நைட்ரஜனில் தொங்கும் மெத்தில் என்ற ஒற்றைக் கார்பன் துணுக்கில் வைத்தால், கல்லீரல் அதை வெட்டிவிடும். குறி, அதாவது அந்தக் கார்பன்-14, மூச்சுக்காற்றோடு போய்விடும். எளிதில் உடையாத அணு வளையத்துக்குள் வைக்க வேண்டும். தொடக்கப் பொருள் பெரும்பாலும் கார்பன்-14 உள்ள பேரியம் கார்பனேட், விலை அதிகம். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வீணாகும் என்பதால், முடிந்தவரை கடைசிப் படிகளில் குறியை நுழைப்பார்கள். அதற்கு முன் சாதாரணக் கார்பனில் ‘கோல்ட் ரன்’, அதாவது ஒத்திகை.

கதிரியக்கம் என்றதும் உங்களுக்குப் பகீர் என்றிருக்கும். கார்பன்-14இன் பீட்டா கதிர் கண்ணாடிக் குடுவையைக்கூடத் தாண்டாது. மூச்சிலோ வாயிலோ தோல் வழியாகவோ உள்ளே போனால்தான் வம்பு. கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்தும் பேட்ஜ் அதைக் காட்டாது, சிறுநீரைத்தான் சோதிப்பார்கள்.

இந்தியாவில் இந்த வேலை குறைவு, வெளிநாடு போக வேண்டி வரலாம், பெரும்பாலும் பிஎச்டியும் கேட்பார்கள். மறைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் ஹைதராபாத், பெங்களூர் மருந்து ஆய்வகங்களில் சின்தசிஸ், அதாவது மூலக்கூறு செய்யத் தெரிந்தவருக்கு இடமுண்டு. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வெழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித் தகுதி வாங்கினால் பிஎச்டிக்கு மாதாமாதம் உதவித்தொகை. பயோ-மேத்ஸ் குரூப் படித்தது நல்லதாகப் போயிற்று.

முன்பணம் இன்னும் கட்டவில்லையே? கட்ட வேண்டாம். சனிக்கிழமை அவளை அழைத்து வாருங்கள். சித்தப்பா வேண்டாம்.