அடிமைமுறைக் காலத்துக் காதல் கதைக்கு இன்பமான முடிவு வைக்க முடியுமா? பெவர்லி ஜென்கின்ஸ் அதை எப்படிச் செய்கிறார்?

முடியும். ஆனால் அந்த முடிவைக் கடைசி அத்தியாயத்தில் கொண்டுவந்து ஒட்ட முடியாது. எந்த ஊர், எந்த வருடம் என்று முடிவு செய்யும்போதே அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். ஜென்கின்ஸின் கெட்டிக்காரத்தனம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஜென்கின்ஸ் அமெரிக்க நாவலாசிரியர்; டெட்ராய்ட்டில் பிறந்தவர், நூலகராக வேலை பார்த்தவர். கறுப்பினப் பெண்ணும் ஆணும் காதலிக்கும் சரித்திர நாவல் படிக்கக் கிடைக்கவில்லை என்பதால் தனக்காகவே ஒன்றை எழுதினார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை, கறுப்பினத்தவர் இருக்கிறார்கள், ஆனால் அடிமைத்தனம் இல்லை. இதை என்ன செய்வது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் 1994-ல் ஏவன் பதிப்பகம் வெளியிட்டது. நாயகி கன்சாஸ் மாநிலத்தில் பள்ளி ஆசிரியை, நாயகன் அமெரிக்க ராணுவத்தின் பத்தாம் குதிரைப்படை வீரன். 1866-ல் அமைந்த அந்தப் படையில் சிப்பாய்கள் கறுப்பினத்தவர். கன்சாஸிலோ 1877-லேயே நிக்கோடிமஸ் என்ற ஊரைக் கறுப்பினக் குடியேறிகள் நிறுவியிருந்தார்கள். 1879-ல் தென் மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவர் அந்த மாநிலத்துக்குக் கிளம்பினார்கள். ஆசிரியைக்கும் சிப்பாய்க்கும் சம்பளம் உண்டு, ஊர் உண்டு, 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை உண்டு. காதல் கதைக்கு அடித்தளம் இதுதான்.

நீங்கள் கேட்கும் அடிமைமுறைக் காலத்துக்கு அவருடைய 'இண்டிகோ' (1996) சரியான உதாரணம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு (1861–65) முந்தைய மிச்சிகன் மாநிலம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வருபவர்களை ஒளித்து அனுப்பும் வீடு நாயகியுடையது. தப்புபவர்களை அழைத்து வரும் வழிகாட்டி ஒருவன் அடிபட்டு அங்கே வந்து சேர்கிறான்; அவன்தான் நாயகன். தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி தப்பியவருக்கு உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. பிடிபட்டவர் அடிமைதான் என்று தீர்ப்பளித்தால் விசாரிக்கும் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். ஆகவே கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் பயம் தானாகவே வந்துவிடுகிறது. வில்லனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அவள் கைகளைக் கவனியுங்கள். சிறுவயதில் அவுரித் தோட்டத்தில் (அவுரிக்கு ஆங்கிலத்தில் இண்டிகோ) உழைத்ததால் ஏறிய நீலம் விடுதலைக்குப் பிறகும் போகவில்லை. அந்தக் காலப் பத்திரிகைகளில் ஓடிப்போனவர்களைத் தேடும் விளம்பரங்கள் தழும்பு, நடை, பேச்சு என்று அடையாளங்களை அடுக்கும். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய அப்படியொரு அடையாளத்தைத்தான் காதலன் செல்லப்பெயராக்கி அவளை 'இண்டிகோ' என்று கூப்பிடுகிறான். கொடுமையைப் பக்கம் பக்கமாக விவரித்திருந்தால் இந்த ஒரு சொல்லின் கனம் வந்திருக்காது.

எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது மூன்று இடங்களில். முதலாவது, எஜமானனையே காதலனாக்குவது. மறுக்க முடியாதவளின் சம்மதம் சம்மதமே இல்லை. எவ்வளவு நல்லவனாகக் காட்டினாலும் அந்தக் கதை நிற்காது. இரண்டாவது, திரட்டிய தகவலையெல்லாம் பாத்திரங்களின் வாயில் திணிப்பது. ஜென்கின்ஸ் தான் படித்த நூல்களின் பட்டியலை நாவலின் பின்னால் தருகிறார்; வாசகர் அங்கிருந்து வரலாற்றுக்குள் போகிறார்கள். மூன்றாவது, கல்யாணத்தை வெறும் அலங்காரமாக எழுதுவது. அடிமைகளின் திருமணம் சட்டப்படி செல்லாது. எஜமானன் ஒருவரைத் தொலைவில் விற்றுவிடலாம் என்பதால், 'மரணமோ தூரமோ பிரிக்கும்வரை' என்றுதான் உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். போருக்குப் பிறகு, பல வருடம் சேர்ந்து வாழ்ந்து பேரப்பிள்ளை பார்த்த தம்பதிகள்கூடத் தங்கள் திருமணத்தைப் பதிய வரிசையில் நின்றார்கள். உங்கள் கதை அடிமைமுறை ஒழிந்த 1865-க்குப் பிறகு முடிவதானால், முத்தத்தை விட அந்தப் பதிவுக் காகிதத்துக்கு அதிக வரிகள் கொடுங்கள். எழுத்தர் இருவர் பெயரையும் எழுதுகிறார், அவள் முதல்முறையாகத் தன் குடும்பப்பெயரைச் சொல்கிறாள்.