வாசகர் கேள்வி: சொல்லின் பொருள் மட்டும் போதுமா?

கேள்வி: கல்லூரியில் தத்துவம் படிக்கும் என் மகன், சில வாக்கியங்கள் உண்மை என்று தெரிந்துகொள்ள உலகத்தைப் பார்க்கவே வேண்டாம், சொற்களின் பொருள் தெரிந்தால் போதும் என்கிறான். 'தாய்மாமன் அம்மாவோடு பிறந்தவர்' என்பது அவன் தரும் உதாரணம். பார்க்காமல், விசாரிக்காமல் ஒன்று எப்படி உண்மையாகும்?
– வாசகி ஒருவர், கரோல் பாக், புது தில்லி

பதில்: உங்கள் மகன் சொல்வது 1781-இல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் போட்ட கோடு. எழுவாயில் ஏற்கெனவே அடங்கியிருப்பதைப் பிரித்துச் சொல்லும் வாக்கியம் ஒரு வகை, புதிதாக எதையாவது சேர்த்துச் சொல்வது வேறு வகை. 'தாய்மாமன் சீர் கொண்டுவந்தார்' என்பது இரண்டாம் வகை, மண்டபத்துக்குப் போனால்தான் தெரியும். 1951-இல் அமெரிக்கத் தத்துவவாதி குவைன் இந்தக் கோட்டிலேயே கை வைத்தார். 'பொருளால் உண்மை' என்றால் என்ன என்று கேட்டால் 'இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்' என்கிறோம், ஒரே பொருள் என்றால் என்ன என்று கேட்டால் 'ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டாலும் உண்மை கெடவே முடியாது' என்கிறோம், சரி, ஏன் முடியாது என்றால் திரும்பவும் பொருளிடமே வந்து நிற்கிறோம்.

இந்தக் கோடு ஆட்டம் காண்பதற்கு நல்ல உதாரணம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பூசாவில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், நம் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்த இடம், அங்கே பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த சின்ன உருளை ஒன்று உண்டு. கிலோகிராமுக்கான மூல உருளையின் 57-ஆம் எண் நகல் அது. மூல உருளை பாரிஸுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் இருக்கிறது. 1889 முதல் 2019 வரை கிலோகிராம் என்றாலே அந்த மூல உருளையின் நிறைதான். ஆகவே அப்போது 'அந்த மூல உருளை 1 கிலோ' என்பதைத் தராசில் போட்டுப் பார்க்க வேண்டியதே இருக்கவில்லை, சொல்லின் பொருளாலேயே அது உண்மையாக இருந்தது. ஆனால் நூறு வருடங்களில் மூலத்துக்கும் நகல்களுக்கும் சுமார் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் வந்துவிட்டது. மூலம் இளைத்ததா நகல்கள் பருத்தனவா என்று அந்தத் தராசை வைத்துச் சொல்ல வழியில்லை, வரையறைப்படி மூலம் எப்போதும் 1 கிலோ. கடைசியில் 2019 மே 20 முதல் கிலோகிராமை பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்கை எண்ணோடு கட்டிவிட்டார்கள். இன்று அதே உருளையின் நிறையை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும், அந்த வாக்கியம் பொய்யாகவும் ஆகலாம்.

குவைனோடு மல்லுக்கு நின்ற தத்துவவாதி கார்னாப் இருந்தால், 'கிலோ என்ற சொல்லுக்குப் பொருளை மாற்றிவிட்டீர்கள், இது வேறு வாக்கியம்' என்றிருப்பார். குவைன் பக்கத்து பதில் எனக்கு இன்னும் வலுவாகப் படுகிறது. பொருளை மாற்ற வைத்ததே தராசில் கண்ட வித்தியாசமும், இயற்கை மாறிலியை அளக்கும் திறமை வளர்ந்ததும்தான். உலகம் உள்ளே நுழையாத வாக்கியம் என்றுதானே இதைச் சொன்னோம்?

அதற்காகக் கோடே கிடையாது என்றும் நான் சொல்லமாட்டேன். 1956-இல் பிரிட்டிஷ் தத்துவவாதிகள் கிரைஸும் ஸ்ட்ராசனும் குவைனுக்கு மறுப்பாக எழுதியது என் மனதில் நிற்கிறது. பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குழந்தைக்குத் தத்துவவாதி ரஸ்ஸலின் கடினமான தர்க்கக் கோட்பாடு புரிகிறது என்று ஒருவர் சொன்னால் நம்பமாட்டோம், ஆனால் குழந்தையை வரச்சொல்லிப் பேசிப் பார்க்கலாம். அந்த மூன்று வயதுக் குழந்தை வயதுவந்த ஆள் என்று சொன்னாலோ, நம்புவது இருக்கட்டும், அவர் என்ன சொல்கிறார் என்றே புரியாது. இந்த வித்தியாசம் நிஜமானது, தினமும் நாம் இதை வைத்துத்தான் பேசுகிறோம்.

ஆகவே நான் நினைப்பது இதுதான்: சொற்களின் பொருள் என்பது நாம் செய்துகொண்ட ஏற்பாடு, அது இருக்கும்வரை சில வாக்கியங்களுக்குச் சாட்சி தேவைப்படுவதில்லை. ஏற்பாட்டை மாற்றும் உரிமை நம்மிடம் இருக்கிறது, மாற்றச் சொல்லும் காரணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லாத வீடுகளில் அம்மாவுடைய சித்தி மகனையோ பெரியம்மா மகனையோ உட்காரவைத்து அவர் மடியில் காது குத்துகிறோமே, 'இவர்தான் தாய்மாமன்' என்கிறோமே, அங்கே உங்கள் மகனுடைய உதாரணமே ஆட்டம் காண்கிறது.

அவனிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: 7-ம் 5-ம் சேர்ந்தால் 12 என்பது எந்த வகை? அந்தக் கோட்டைப் போட்ட காண்டே, இது பொருளால் மட்டும் வந்த உண்மை இல்லை என்றார். 1884-இல் ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃப்ரெகெ அதை மறுத்து, எண்கணிதம் முழுவதும் தர்க்கத்திலிருந்தே வரும் என்று வாதாடினார்.