சர்க்கரை குறைந்தது சரி, எடை ஏன் குறைந்தது?

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறோம். மாமனாருக்கு 71 வயது, பல வருஷமாகச் சர்க்கரை. சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு, பகலில் கேழ்வரகுக் கஞ்சி, ராத்திரி இரண்டு சப்பாத்தி என்று இருக்கிறார். ஆறு மாதத்தில் 64 கிலோவிலிருந்து 57-க்கு வந்துவிட்டார். சர்க்கரை குறைந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நடக்கும்போது தடுமாறுகிறார். இப்படி இளைப்பது நல்லதா?

பதில்: நல்லதில்லை. தொப்பை உள்ள நாற்பது வயதுக்காரர் ஏழு கிலோ இறக்கினால் நானே பாராட்டுவேன். எழுபதுக்கு மேல் சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். கரைந்த தசையை அந்த வயதில் மீட்பது லேசில்லை.

ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் எடை 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தாலே காரணம் தேட வேண்டும். இவருக்கு 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பத்தியம்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. வயதானவர்களிடம் பெரிதாக இருமல்கூட இருக்காது. ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். மார்பு எக்ஸ்ரே, தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து மாத்திரை. மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியை மந்தமாக்கும். டபாகிளிஃப்ளோசின் வகை எடையை இறக்கும். எனக்குப் பெரிய கவலை கிளிமிபிரைடும் இன்சுலினும்தான். சாப்பாடு பாதியான பிறகும் பழைய அளவிலேயே போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். அவருடைய தடுமாற்றமே அதனால் இருக்கலாம். அடுத்த முறை தடுமாறும்போது மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் போங்கள். தளர்ந்துபோன முதியவருக்கு ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 8-க்குள் இருந்தாலே போதும். இளவட்டம் மாதிரி 6.5-க்குத் துரத்த வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். கேழ்வரகு என்றாலே சர்க்கரைக்கு மருந்து என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். புரதமும் அதில் சொற்பம். அவருக்குத் தேவை உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், அதாவது நாளைக்கு 60 முதல் 70 கிராம். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் இந்தக் கணக்கு மாறும். முதலில் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள்.

காசிமேடு மீன் சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரதப் பவுடர் டப்பா எதற்கு? வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. நெத்திலியோ மத்தியோ 100 கிராம் வாங்கினால் 18 கிராம் அளவுக்குப் புரதம். குழம்பில் வெந்த நெத்திலி, பல் போனவருக்கும் தோதானது. கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம். மதியம் ஒரு கப் சோற்றைத் திருப்பிக் கொடுங்கள், பருப்பும் மீனுமாக. காலையில் முட்டை, சாயங்காலம் சுண்டல், ராத்திரி சப்பாத்தியோடு தயிர்.

அப்புறம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்கள் நின்றபடி. 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் தசை பலவீனம் என்று அர்த்தம். அதையே தினமும் இரண்டு வேளை பயிற்சியாகச் செய்யட்டும்.